சாவி வாட்ச்ச முழுசா பிரிச்சு சர்வீஸ் பண்றது எப்படி? நம்ம சிங்கப்பூர் வெக்கையையும் கணக்குல வச்சு

முதல்ல ஒன்னு சொல்லிடுறேன், நின்னு போன வாட்ச்ல எண்ணெய் விடாதீங்க. பின்மூடிய நெம்பித் திறந்து தையல் மிஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டா மறுபடி ஓட ஆரம்பிக்கும், அது உண்மைதான், ஆனா உள்ள ஏற்கனவே காஞ்சு பிசின் பிடிச்சுக் கிடக்கிற பழைய எண்ணெயும் தூசும் உலோகத்தூளும் அந்தப் புது எண்ணெயோட சேர்ந்து, சுத்துற ஒவ்வொரு அச்சையும் உட்கார்ந்து அரைக்க ஆரம்பிச்சிடும். கொஞ்ச மாசம் ஓடும், அப்புறம் நிக்கும்போது பிவட் (அச்சோட மெல்லிய முனை) தேஞ்சு போயிருக்கும், சுத்தம் பண்ணா மட்டும் சரியாகாது. சர்வீஸ்னா வாட்ச்ச கடைசித் திருகு வரைக்கும் பிரிச்சு, பழைய எண்ணெய ஒன்னு விடாம எடுத்துட்டு, தேவையான இடத்துல மட்டும் ஊசிமுனை அளவு புதுசு வைக்கிறது. வேலையில முக்கால்வாசி எடுக்கிறதுலதான் இருக்கு, வைக்கிறது கடைசில கொஞ்ச நேரம்தான்.

சின்னப் பட்டறைல உட்கார்ந்து இந்த வேலை பாக்குற ஆளா எனக்குத் தெரிஞ்சத, வீட்ல பழகிப் பாக்கணும்னு நினைக்கிறவங்களுக்கும் புரியிற மாதிரி எழுதுறேன். பெரிய விலை வாட்ச், ஸ்டாப்வாட்ச் சேர்ந்த கிரோனோகிராஃப் இதெல்லாம் இதுல வராது. நம்ம வீடுகள்ல நெறைய கிடக்கிறது ரெண்டு வகைதான். ஒன்னு ஊர்லேர்ந்து கொண்டு வந்த ஹெச்எம்டி, இன்னொன்னு இங்க சிராங்கூன் ரோடு பக்கம் வாங்குன சீக்கோ 5.

ஹெச்எம்டி 1961ல பெங்களூர்ல ஜப்பான் சிட்டிசன் கம்பெனியோட கூட்டுல வாட்ச் செய்ய ஆரம்பிச்சது, ஜனதா மாடல்ல உள்ள இருக்கிறது 17 ஜுவல் (உராய்வ குறைக்கிற சின்னக் கல்) வச்ச சாவி கொடுக்கிற மிஷின், மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது செகண்டுக்கு 5. அமைப்பு ரொம்ப எளிமை, கத்துக்க இதவிட நல்ல மிஷின் கிடைக்கிறது கஷ்டம். ஆனா அந்த வாட்ச் கம்பெனிய 2016ல மூட முடிவு பண்ணிட்டாங்க, அதனால பார்ட்ஸ்னா பழைய ஸ்டாக் இல்லன்னா இன்னொரு செத்த வாட்ச்லேர்ந்து எடுக்கிறதுதான். சீக்கோ 5ல நெறைய வர்றது 7எஸ்26ங்கிற மிஷின், 1996லேர்ந்து வந்த ஆட்டோமேட்டிக் (கை அசைவுலயே சாவி ஏறுறது), 21 ஜுவல், மணிக்கு 21,600 துடிப்பு, கிரவுன (பக்கத்துல இருக்கிற சாவிக் குமிழ) திருகி சாவி கொடுக்க முடியாது, கிரவுன இழுத்தா செகண்ட் முள்ளும் நிக்காது. அது ரிப்பேர் இல்ல, அதோட அமைப்பே அப்படித்தான். இத சொல்லியே பல பேர வாட்ச்சோட திருப்பி அனுப்பியிருக்கேன்.

அப்பா வாட்ச்ச எடுத்து முதல்ல பழகாதீங்க, தயவுசெஞ்சு. ஓடாத பழைய வாட்ச் ஒன்னு ரெண்டு வாங்குங்க. முன்னெல்லாம் சுங்கை ரோடு பழைய சந்தைல தரைல பரப்பி வச்சிருப்பாங்க, அது 2017 ஜூலைல மூடியாச்சு, இப்ப ஆன்லைன்ல செகண்ட் ஹேண்ட் விக்கிறவங்ககிட்டதான் தேடணும். ஒரு எச்சரிக்கை, பளபளன்னு புது பெயின்ட் டயல் போட்டு, கம்பெனி எப்பவுமே போடாத கலர்ல ஹெச்எம்டின்னு எழுதி விக்கிற வாட்ச் நெறைய இருக்கு. உள்ள நாலு வாட்ச் பார்ட்ஸ் கலந்து அழுக்கோட இருக்கும். பழகுறதுக்கு ஓகே, ஆனா பழங்கால வாட்ச்னு நம்பி வெள்ளிய கொட்டாதீங்க.

திறக்கிறதுக்கு முன்னாடி

கை வச்சுப் பாக்குறதுலயே பாதி நோய் தெரிஞ்சிடும். சாவி வாட்ச்ல கிரவுன திருகினா முடிவே இல்லாம லூசா சுத்திக்கிட்டே இருக்கா, மெயின்ஸ்பிரிங் (சக்திய சேத்து வைக்கிற ஸ்பிரிங்) அறுந்திருக்கு இல்லன்னா கிளிக் (அது பின்னாடி சுத்தாம தடுக்கிற கொக்கி) போயிருக்கு. திருகினா இறுகி நிக்குது ஆனா ஓடலையா, உள்ள சக்தி இருக்கு, வழில எங்கயோ அடைப்பு. இத பாத்துட்டுத்தான் நெறைய பேர் “அண்ணே, ஓவரா சாவி கொடுத்துட்டேன், அதான் ஸ்பிரிங் டைட்டாயி நின்னுடுச்சு”ன்னு வருத்தமா சொல்வாங்க. அப்படி ஒன்னு கிடையாது. முழுசா சாவி கொடுத்த வாட்ச் ஓடணும், அதுக்குத்தான் அது செஞ்சிருக்கு. முழு சாவில நிக்குதுன்னா அழுக்குதான் காரணம், இல்லன்னா பேலன்ஸ் (முன்னும் பின்னும் ஆடுற சக்கரம்) அச்சு உடைஞ்சிருக்கும். கொடுத்தவர் மேல தப்பே இல்ல, அத அவங்ககிட்ட சொல்லுங்க, ரொம்ப நாளா மனசுல வச்சிருப்பாங்க.

ஒரே நாள்ல பல நிமிஷம் வேகமா ஓடுதுன்னா பிரிக்க அவசரப்படாதீங்க, காந்தம் ஏறியிருக்கலாம். பேலன்ஸ ஆட்டுற மெல்லிய ஹேர்ஸ்பிரிங்கோட சுருள் ஒன்னோட ஒன்னு ஒட்டிக்கிட்டா அதோட நீளம் குறைஞ்ச மாதிரி ஆயிடும், வாட்ச் பாயும். மூடி வச்ச ஃபோன் கவர், டேப்லெட் கவர், கைப்பை பட்டன், ஸ்பீக்கர் எல்லாத்துலயும் காந்தம் இருக்கு. சின்ன திசைகாட்டி பக்கத்துல வாட்ச்ச கொண்டு போய் முள் ஆடுதான்னு பாருங்க. காந்தத்த எடுக்கிற டீமேக்னடைசர் மலிவுதான், பட்டன அழுத்திப் பிடிச்சுக்கிட்டே வாட்ச்ச அதுலேர்ந்து மெதுவா கை நீளத்துக்கு விலக்கிட்டு அப்புறம்தான் பட்டன விடணும். கிட்ட இருக்கும்போதே விட்டா பழையபடி காந்தம் ஏறிடும்.

வாட்ச் துடிப்பக் கேட்டு வேகத்த அளக்கிற டைம்கிராஃபர் இருந்தா அதுல வச்சு முன்கூட்டியே ரீடிங் எடுத்து எழுதி வச்சுக்குங்க, வேலை முடிஞ்சதும் ஒப்பிட வேணும். லிஃப்ட் ஆங்கிள் (மிஷினுக்கு மிஷின் மாறுற ஒரு கோண அளவு) போட மறக்காதீங்க, பொதுவா 52, 7எஸ்26க்கு 53, இது தப்பா இருந்தா ஆம்ப்ளிட்யூட் (பேலன்ஸ் எத்தன டிகிரி ஆடுதுங்கிறது) நம்பரே தப்பா வரும்.

இடம்

இதுலதான் நம்ம ஊர் விஷயம் வருது. இங்க காத்துல ஈரப்பதம் வருஷம் முழுக்க சராசரியா 80 சதவீதத்துக்கு மேல. நம்ம விரல் வேர்வைல உப்பு இருக்கு, ஸ்டீல் பார்ட்ட ஒரு தடவ வெறுங்கையால தொட்டு விட்டுட்டா ரேகை அப்படியே துருவா பதிஞ்சிடும். அதனால விரல் உறை கட்டாயம், கை உறை இல்ல, விரல் நுனிக்கு மட்டும் மாட்டுற சின்ன ரப்பர் உறை. பார்ட்ட எப்பவும் சாமணத்தாலதான் தூக்கணும். பிரிச்ச வாட்ச்ச திறந்தபடி ராத்திரி விட்டுட்டுப் போகாதீங்க, மூடி போட்ட டிரேல சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட வையுங்க. கேமரா வச்சிருக்கிறவங்க வீட்ல டிரை கேபினெட் இருக்கும், அதுல ஒரு மூலை கேட்டு வாங்கிக்குங்க, அருமையான இடம்.

ஃபேன ஆஃப் பண்ணுங்க. இது ரொம்ப முக்கியம், மேல சுத்துற ஃபேன் தூசியையும் கொண்டு வரும், ஹேர்ஸ்பிரிங்கையும் ஆட்டும். ஏர்கான் போட்டா நேரா மேஜை மேல அடிக்காம திருப்பி விடுங்க. ஏர்கான் வேர்வையையும் ஈரத்தையும் குறைக்கும், அதனால இங்க அது ஆடம்பரம் இல்ல, வேலைக்கு வேண்டிய சாமான்தான். மேஜை உயரம் நெஞ்சளவுக்கு இருக்கணும், முழங்கை ரெண்டும் மேஜைல ஊன்றி இருந்தாத்தான் கை நடுங்காது, சாப்பாட்டு மேஜைல குனிஞ்சு செஞ்சா கழுத்துப் போயிடும். மேஜை விளிம்புல ஒரு துணிய பின் குத்தி மறுமுனைய இடுப்புல சொருகிக்குங்க, விழுற திருகு மடிலயே விழும். அப்படியும் தரைல விழுந்தா எழுந்து தேடாதீங்க, மிதிச்சிடுவீங்க. டார்ச்ச தரையோட தரையா படுக்க வச்சு அடிங்க, துளியூண்டு திருகுக்குக் கூட நீளமா நிழல் விழும், உடனே தெரியும்.

சாமான்

நல்ல ஸ்க்ரூடிரைவர் 0.8, 1.0, 1.2, 1.4 மில்லிமீட்டர் இருந்தா பெரும்பாலான வேலை முடியும். முனை திருகோட கோட்டுல முழுசா உட்காரணும், கோட்டவிட சின்ன முனைய போட்டா வழுக்கி பிரிட்ஜ்ல (சக்கரங்கள மேலேர்ந்து பிடிக்கிற தகடு) கோடு இழுக்கும், அந்தக் கோடு இருக்கிற வாட்ச்ச யாராவது திறந்தா முன்னாடி யாரோ அவசரப்பட்டிருக்காங்கன்னு தெரிஞ்சிடும். முனை தேஞ்சா கல்லுல தீட்டிக்கணும். சாமணம் ரெண்டு, ஒன்னு உறுதியா, ஒன்னு ஹேர்ஸ்பிரிங்குக்கு கூரா. கண்ணுல வைக்கிற லென்ஸ் ரெண்டு, பொது வேலைக்கு 4 மடங்கு, எண்ணெய் வைக்கவும் ஜுவல் பாக்கவும் 10 மடங்கு. மிஷின் பிடிக்கிற ஹோல்டர், முள் எடுக்கிற லீவர், காத்து அடிக்கிற ரப்பர் பல்ப், பெக்வுட்ங்கிற மரக்குச்சி, பச்சைக் களிமண் போல இருக்குமே ரோடிகோ அது ஒரு கட்டி, மூடியோட சின்னக் கண்ணாடி பாட்டில்கள். சாமணம், லென்ஸ், டீமேக்னடைசர் இதெல்லாம் சிம் லிம் டவர் எலக்ட்ரானிக் கடைகள்ல பாருங்க, வாட்ச்சுக்குன்னே உள்ளது ஆன்லைன்ல. மலிவு செட்டு ஸ்க்ரூடிரைவர்ல மட்டும் மிச்சம் பிடிக்காதீங்க, வேற எதுல வேணாலும் பிடிங்க.

பிரிக்கிறது

ஸ்ட்ராப்ப முதல்ல கழட்டுங்க. பின்மூடி அழுத்தி மூடுற வகையா இருந்தா விளிம்புல ஒரு சின்னப் பள்ளம் இருக்கும், அங்க மழுங்கல் கத்திய வச்சு திருப்பினா திறந்துக்கும், கூரான கத்திய சொருகாதீங்க, கைக்கும் ஆகாது, தண்ணி போகாம தடுக்கிற கேஸ்கெட் வளையத்துக்கும் ஆகாது. திருகு மூடின்னா முதல்ல ஒட்டுற ரப்பர் பந்த வச்சு அழுத்தித் திருகிப் பாருங்க, வரலன்னாத்தான் கேஸ் ஓப்பனர். மூடி ஓரத்துல கருப்பா ஒரு அழுக்கு வளையம் இருக்கும், வேர்வையும் சோப்பும் சேர்ந்தது, அத திறக்கிறதுக்கு முன்னாடியே குச்சியால சுரண்டி எடுத்துடுங்க, இல்லன்னா நேரா மிஷினுக்குள்ள போகும்.

அடுத்து சக்திய இறக்கணும். இத விட்டுட்டு பிரிட்ஜ் திருக கழட்டினா உள்ள இருக்கிற மொத்த சக்தியும் ஒரே வினாடில பாயும், பல் உடையும், பிவட் முறியும். சாவி வாட்ச்ல கிரவுன விரலால பிடிச்சுக்கிட்டு, கிளிக்க ஒரு ஊசியால விலக்கிப் பிடிச்சு, கிரவுன் விரலுக்குள்ள மெதுவா பின்னாடி சுத்த விடுங்க. 7எஸ்26ல கிரவுன் வழியா முடியாது, ரோட்டர (கை அசைவுல சுத்துற பாரத் தகடு) கழட்டிட்டு, மெயின்ஸ்பிரிங்க சுத்துற ராட்செட் வீல் நடு திருகுல ஸ்க்ரூடிரைவர ஊன்றிப் பிடிச்சுக்கிட்டு கிளிக்க விலக்கி மெதுவா விடணும்.

ஸ்டெம் (கிரவுனோட தண்டு) எடுக்க திருகு வச்ச வகைன்னா ஒரு சுத்து சுத்தி மெதுவா இழுத்துப் பாருங்க, வரலன்னா இன்னும் கொஞ்சம். முழுசா கழட்டிட்டீங்கன்னா உள்ள செட்டிங் லீவர் நழுவி விழுந்துடும், டயல் பக்கம் பிரிச்சாத்தான் திரும்பப் போட முடியும். முள் எடுக்க டயல் மேல மெல்லிசா பிளாஸ்டிக் ஷீட் வச்சு, ரெண்டு லீவரயும் ரெண்டு பக்கமும் சமமா அழுத்தி எடுக்கணும். பழைய டயல துடைக்கவே துடைக்காதீங்க, தண்ணி பட்டா எழுத்தே வந்துடும், ரப்பர் பல்ப்ல ஊதினா போதும்.

இதுல உசுர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்னு இருக்கு. 1960கள் வரைக்கும் வந்த வாட்ச்ல இருட்டுல ஒளிர்ற பெயின்ட் ரேடியமா இருக்கலாம். இப்ப அது ஒளிராது, ஆனா கதிர்வீச்சு அப்படியேதான் இருக்கு. முள்ளுலயோ டயல்லயோ பழுப்பா உதிர்ற மாதிரி பெயின்ட் இருந்தா சுரண்டாதீங்க, ஊதாதீங்க, அந்தத் தூசி மூச்சுல போகக் கூடாது. மூடி வச்சு, அத பத்தித் தெரிஞ்சவங்ககிட்ட கொடுத்துடுங்க.

இனி உள்ள. முதல்ல பேலன்ஸ். பேலன்ஸ மேல பிடிக்கிற பேலன்ஸ் காக் திருக எடுத்து, காக்க மெதுவா நெம்பி, சக்கரம் ஹேர்ஸ்பிரிங்ல தொங்க அப்படியே தூக்கித் திருப்பி வைக்கணும், எங்கயும் கொக்கி மாட்டி இழுக்கக் கூடாது. இது கிளம்பின உடனே பேலட் ஃபோர்க்க (பேலன்ஸுக்கு சக்திய துடிப்பா கடத்துற கவை) லேசா தட்டிப் பாருங்க, டக்குன்னு மறுபக்கம் தாவினா இன்னும் சக்தி மிச்சம் இருக்கு, திரும்ப இறக்குங்க. உயிர் இல்லாம கிடந்தா மேல போகலாம். பேலட் பிரிட்ஜ், ஃபோர்க், அப்புறம் ராட்செட் வீல், கிரவுன் வீல், பேரல் (மெயின்ஸ்பிரிங் இருக்கிற டப்பா) பிரிட்ஜ், டிரெயின் பிரிட்ஜ், சக்கரங்கள். கிரவுன் வீல் திருகு பல மிஷின்ல இடது மரை, தலைல மூணு கோடு போட்டிருந்தா அதான் அடையாளம், அடையாளம் இல்லாமலும் வரும், இறுகலா இருந்தா எதிர்ப்பக்கம் சுத்திப் பாத்துட்டு அப்புறம் பலம் போடுங்க. ஒவ்வொரு படிக்கும் ஃபோன்ல ஃபோட்டோ எடுங்க, எந்தத் திருகு எந்த பிரிட்ஜ்ல இருந்துச்சோ அந்த பிரிட்ஜோட ஒரே குழில போடுங்க. எல்லாத் திருகும் ஒன்னு மாதிரி தெரியும், நீளம் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும், நீளமானத தப்பான இடத்துல போட்டா கீழ இருக்கிற சக்கரத்துல போய் முட்டும்.

பிரிக்கும்போதே ஒவ்வொரு சக்கரத்தையும் சாமணத்தால லேசா மேல கீழ அசைச்சுப் பாத்து வையுங்க. துளி அசைவு இருக்கணும். அசைவே இல்லன்னா இறுக்கம், ரொம்ப ஆடினா ஜுவல் நகர்ந்திருக்கு. இது பிரிச்ச பிறகு தெரியாது, முன்னாடிதான் தெரியும்.

சுத்தம் பண்றது

பொறுமையெல்லாம் இங்கதான் செலவாகணும். முதல் குளியலுக்கு லைட்டர் ஃப்ளூயிட், அதாவது நாப்தா. பார்ட்ஸ போட்டு மெல்லிய பிரஷ்ஷால தேச்சு, பெக்வுட் குச்சிய பென்சில் போல கூரா சீவி ஒவ்வொரு ஜுவல் ஓட்டைலயும் விட்டு திருகணும். குச்சி கருப்பா வரும். நுனிய சீவிட்டு திரும்ப விடுங்க, திரும்ப கருப்பு வரும். வெள்ளையா வர்ற வரைக்கும் விடாதீங்க, ஓட்டை உள்ள எல்லா ஜுவல்லயும், ரெண்டு பக்கமும். அல்ட்ராசோனிக் மிஷின் இருந்தாலும் இந்தக் குச்சி வேலைய நான் விடுறதில்ல, இறுகிப்போன எண்ணெய அதிர்வு மட்டும் எடுக்காது. அப்புறம் ரெண்டாவது பாட்டில்ல சுத்தமான நாப்தால ஒரு அலசு.

ஐசோபுரொபைல் ஆல்கஹால் சக்கரத்துக்கும் பிரிட்ஜுக்கும் நல்லதுதான், ஆனா பேலட் ஃபோர்க்கையும் பேலன்ஸையும் அதுல ஊற வைக்காதீங்க. ஃபோர்க்ல இருக்கிற ரெண்டு சிவப்புக் கல்லும் பேலன்ஸ்ல இருக்கிற இம்பல்ஸ் கல்லும் பெரும்பாலும் அரக்குலதான் ஒட்டியிருக்கும், ஆல்கஹால் அரக்கக் கரைக்கும், கல் நகர்ந்துட்டா அத திரும்ப சரியான இடத்துல வைக்கிறது பெரிய வேலை. அதுங்களுக்கு நாப்தால சின்னக் குளியல் போதும்.

நாப்தா ஆவி தீப்பிடிக்கும், அத மறக்கவே கூடாது. ஜன்னல திறங்க, அடுப்பு, சாம்பிராணி, சாமி விளக்கு எதுவும் அந்த அறைல எரியக் கூடாது. அல்ட்ராசோனிக் தொட்டிக்குள்ள நாப்தாவோ ஆல்கஹாலோ ஊத்தக் கூடாது, அதுக்குன்னு தண்ணில கலக்குற வாட்ச் கிளீனிங் லிக்விட் இருக்கு. அத போட்டா உடனே அலசி உடனே காய வைக்கணும், நம்ம ஈரத்துல ஸ்டீல் பார்ட் தண்ணியோட பத்து நிமிஷம் கிடந்தாலே பயம்தான். ஹேர் டிரையர்ல சூடு இல்லாத காத்து, தூரமா பிடிச்சு. அழுக்கான நாப்தாவ சிங்க்ல ஊத்துறதும் புளோக் குப்பைக் குழாய்ல போடுறதும் வேணாம், மூடி போட்ட பாட்டில்ல சேர்த்து வச்சு கழிவு எடுக்க லைசென்ஸ் உள்ளவங்ககிட்ட கொடுங்க, பட்டறைல நாங்க அப்படித்தான் செய்றோம்.

மெயின்ஸ்பிரிங்க பேரல்லேர்ந்து எடுத்துப் பாருங்க. வெளிய வந்ததும் எஸ் எழுத்து போல விரியணும். சோர்ந்து போய் சின்ன வட்டமாவே சுருண்டு கிடந்தா அதுல பலம் இல்ல, பழைய கார்பன் ஸ்டீல் ஸ்பிரிங் இப்படித்தான் ஆகும், புதுசு மாத்துங்க. திரும்ப உள்ள போட வைண்டர் பயன்படுத்துங்க, கையால சுத்திப் போட்டா ஸ்பிரிங் கூம்பா முறுக்கிக்கிட்டு பேரல் மூடிய உரசும்.

எல்லாம் காஞ்சதும் 10 மடங்கு லென்ஸ்ல ஒவ்வொரு பிவட்டா பாருங்க, கண்ணாடி போல பளபளன்னு இருக்கணும், நடுவுல வளையமா பள்ளம் விழுந்திருந்தா தேய்மானம். ஜுவல்ல விரிசல் இருக்கான்னு பாருங்க. அப்புறம் எண்ணெய் ஏதும் போடாம, ஃபோர்க்கும் பேலன்ஸும் இல்லாம, பேரலும் சக்கரங்களும் மட்டும் கோர்த்து ஒன்னு ரெண்டு பல் சாவி கொடுங்க. சரசரன்னு எல்லாம் சுத்தி, நிக்கும்போது கடைசி சக்கரம் லேசா பின்னாடி திரும்பி நின்னா சுதந்திரமா ஓடுதுன்னு அர்த்தம். டக்குன்னு செத்து நின்னா எங்கயோ தூசி இருக்கு, எண்ணெயால அத சரி பண்ணப் பாக்காதீங்க, திரும்பக் கழுவுங்க.

எண்ணெய் வைக்கிறது

எண்ணெய் ஒன்னு போதாது, மூணு நாலு வேணும், ஏன்னா பேரல் பக்கம் மெதுவா ஆனா அழுத்தமா சுத்துது, பேலன்ஸ் பக்கம் வேகமா ஆனா லேசா சுத்துது. மோபியஸ் கம்பெனி எண்ணெய்ல 9010 மெல்லிசு, அது எஸ்கேப் வீல் (ஃபோர்க்க தட்டுற கடைசி சக்கரம்), ஃபோர்த் வீல், பேலன்ஸ் ஜுவலுக்கு. எச்பி 1300 கனமானது, சென்டர் வீலுக்கும் பேரல் அச்சுக்கும். 9415 பேலட் கல்லோட முகத்துக்கு மட்டும். சாவி போடுற பக்கம் ஸ்டெம், கிளட்ச், லீவர் இதுங்களுக்கு கிரீஸ். ஆட்டோமேட்டிக் பேரல் உள்சுவருக்கு 8217 மாதிரி பிரேக்கிங் கிரீஸ், ஏன்னா முழுசா ஏறின பிறகு ஸ்பிரிங் அங்க அளவா வழுக்கணும், சாதா கிரீஸ் போட்டா சீக்கிரமே வழுக்கி பவர் ரிசர்வ் (முழு சாவில ஓடுற நேரம்) குறையும்.

அளவு, அதுதான் எல்லாமே. ஜுவல் மேல ஒரு குழி இருக்கும், அதுல பாதிக்குக் கொஞ்சம் மேல நிறைஞ்சா போதும். குழி வழிஞ்சா எண்ணெய் பிளேட்ல பரவி, ஜுவல்ல இருக்கிற எண்ணெயயும் இழுத்துக்கிட்டுப் போயிடும், அதிகமா வச்ச இடம்தான் சீக்கிரம் காயும். வழிஞ்சா துடைச்சா மட்டும் போதாது, அந்தப் பார்ட்ட திரும்பக் கழுவிட்டு வையுங்க. சக்கரப் பல்லுல எண்ணெய் கூடாது. ஹேர்ஸ்பிரிங்ல கூடவே கூடாது. பேலட் ஃபோர்க் அச்சு ரெண்டுலயும் போடாதீங்க, அது சுத்துறதில்ல, லேசா அசையுது அவ்வளவுதான், எண்ணெய் போட்டா இழுவைதான் மிச்சம்.

பேலன்ஸ் மேல கீழ இருக்கிற ஷாக் ஸ்பிரிங், சீக்கோல டயாஷாக், ஹெச்எம்டில பாராஷாக், அத ரெண்டயும் திறந்து மூடிக் கல்ல எடுத்துக் கழுவி, கல்லோட தட்டைப் பக்கம் நடுவுல ஒரு துளி வச்சு மூடணும். அந்த ஸ்பிரிங் பறந்துச்சுன்னா கிடைக்காது, உள்ள இருக்கிறது தெரியிற பிளாஸ்டிக் பைக்குள்ள ஹோல்டர வச்சு பைக்குள்ளயே கைய விட்டு திறங்க. பாக்க வேடிக்கையா இருக்கும், ஆனா ஸ்பிரிங் பைக்குள்ளயே இருக்கும்.

கோர்த்து நேரம் வைக்கிறது

பிரிட்ஜ மேல வச்சதும் அழுத்தித் திருகாதீங்க. ஒவ்வொரு பிவட்டும் அதது ஓட்டைக்குள்ள உட்கார்ந்தாச்சான்னு லென்ஸ்ல பாத்து, விரலால இறகு போல தொட்டுக்கிட்டே சக்கரத்த அசைச்சுப் பாருங்க, எல்லாம் ஓடினாத்தான் திருகு. அவசரத்துல திருகினா பிவட் முறியும், நல்ல வாட்ச் சாகுறது பெரும்பாலும் இந்த இடத்துலதான். கடைசியா பேலன்ஸ், இம்பல்ஸ் கல் ஃபோர்க் வாய்க்குள்ள போகணும், போனதும் தானா துடிக்க ஆரம்பிக்கும்.

முழு சாவி கொடுத்து கொஞ்ச நேரம் விட்டு டைம்கிராஃபர்ல வையுங்க. டயல் மேல பாத்தபடி 270க்கு மேல ஆம்ப்ளிட்யூட் வந்தா அருமை, 7எஸ்26 இயல்பாவே கொஞ்சம் கம்மியாத்தான் காட்டும், அதுக்காக கவலப்படாதீங்க. முழு சாவிலயும் 200க்குக் கீழ நின்னா சர்வீஸ் சரியா ஆகல, எங்கயோ சக்தி தின்னுது. பீட் எரர் (டிக், டாக் இடைவெளில வர்ற வித்தியாசம்) 1 மில்லிசெகண்டுக்குள்ள கொண்டு வாங்க. வேகத்த மாத்துற ரெகுலேட்டர மயிரிழை அளவுதான் நகர்த்தணும், நகர்த்திட்டு கொஞ்சம் ஓட விட்டுப் பாருங்க. டயல் மேல, டயல் கீழ, கிரவுன் கீழன்னு மூணு நிலைல பாத்து சராசரிக்கு வையுங்க.

எவ்வளவு துல்லியம் வேணும்? சுவிஸ் கிரோனோமீட்டர் சான்றிதழுக்கு ஒரு நாளைக்கு சராசரி மைனஸ் 4லேர்ந்து பிளஸ் 6 செகண்டுக்குள்ள இருக்கணும். அம்பது வருஷ ஜனதாகிட்ட அத கேக்கிறது நியாயமில்ல, 30 செகண்டுக்குள்ள ஓடினா அது நல்ல ஆரோக்கியமான வாட்ச். டாமிட்டரில தங்கி வேலை பாக்குற தம்பி ஒருத்தர் தாத்தாவோட ஹெச்எம்டிய கொண்டு வந்து, “நேரம் முன்ன பின்ன இருந்தா பரவாயில்லண்ணே, சத்தம் கேட்டா போதும்”னாரு. அந்த மாதிரி வாட்ச்சுக்கு 10 செகண்ட் குறைக்கிறேன்னு ஹேர்ஸ்பிரிங்க நோண்டுறது தேவையில்லாத ஆபத்து.

எங்க நிறுத்தணும்னும் தெரிஞ்சிருக்கணும். ஹேர்ஸ்பிரிங் சிக்கிக்கிட்டாலோ, பேலன்ஸ் அச்சு முறிஞ்சாலோ, ஜுவல் உடைஞ்சாலோ அங்கயே கைய எடுத்துட்டு, எல்லா பார்ட்டையும் டப்பால பத்திரமா வச்சு அனுபவப்பட்டவர்கிட்ட கொடுங்க. நம்ம பேட்டைகள்ல புளோக் கீழ சின்ன கடை வச்சிருக்கிற வயசான வாட்ச்காரங்க இன்னும் சில பேர் இருக்காங்க. பார்ட் முழுசா இருந்தா அவங்க காப்பாத்திடுவாங்க.

மூடுறதுக்கு முன்னாடி கேஸ்கெட்ட புதுசா மாத்தி லேசா சிலிக்கான் கிரீஸ் தடவுங்க, கிரவுன் கேஸ்கெட்டையும் சேர்த்துத்தான். என்ன மாத்தினாலும் பிரஷர் டெஸ்ட் பண்ணாம தண்ணில இறக்கக் கூடாது, பின்மூடில என்ன எழுதியிருந்தாலும் சரி. பழைய ஹெச்எம்டின்னா மழைல கூட பாக்கெட்ல போட்டுக்கங்க. வெளிய வெயில்லேர்ந்து ஏர்கான் ஆபீஸுக்குள்ள வந்ததும் கண்ணாடி உள்பக்கம் பனி படிஞ்சா உள்ள ஈரம் போயிடுச்சுன்னு அர்த்தம், அரிசிக்குள்ள புதைச்சு வச்சு நாள கடத்தாதீங்க, அன்னைக்கே திறந்து காய வைக்கணும், ரெண்டு மூணு நாள்லயே துரு ஆரம்பிச்சிடும்.

மூடின பிறகு முழு சாவி கொடுத்து, தானா நிக்கிற வரைக்கும் ஓட விட்டு எத்தனை மணி நேரம் வந்துச்சுன்னு பாருங்க, திரும்ப ஒரு வாரம் கட்டிப் பாருங்க. தேதி, ரீடிங், போட்ட எண்ணெய், மாத்தின பார்ட் எல்லாத்தையும் நோட்டுல எழுதுங்க, மூடி உள்பக்கம் கீறாதீங்க. சாவி வாட்ச்சுக்கு தினமும் காலைல ஒரே நேரத்துல சாவி கொடுக்கச் சொல்லுங்க, அஞ்சு வருஷம் கழிச்சு நல்லா ஓடிக்கிட்டிருந்தாலும் திரும்பக் கொண்டு வரச் சொல்லுங்க, எண்ணெய் காஞ்ச பிறகும் வாட்ச் ஓடும், தேய்மானம் அப்பத்தான் நடக்கும்.